பருவத்துக்கு ஒரு பாண்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருத்தியைப் பேச அழைத்தால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிப் பேசி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சபையைப் பயப்படுத்திவிடுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் மா, பட்டர், சீனி பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.

இங்கிலாந்தின் வடபகுதியில், யோர்க்ஷயரில், குடும்ப வைத்தியராகப் பணிபுரிகிறேன். அங்கே சில வீடுகளில், கிறிஸ்தவம் வருவதற்கு முந்திய காலத்துப் பருவப் பண்டிகைகளை இன்றும் நினைவுகூருகிறார்கள். பெரிய சடங்கு எதுவும் இல்லை. குறித்த நாளில் ஒரு பாண் அல்லது ஒரு கேக், ஒரு மெழுகுதிரி, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு மேசை. அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் இருந்து நான் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டதையும், உலகமெங்கும் சிதறி வாழும் எங்களுக்கு அது ஏன் உதவும் என்பதையும் சொல்லவே வந்தேன்.

இப்படிப்பட்ட பண்டிகைகளை அங்கே 'பேகன்' பண்டிகைகள் என்பார்கள். தமிழ் படித்த எங்களுக்குப் பேகன் என்றால் மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான். இது அவரல்ல. 'பகானுஸ்' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. நாட்டுப்புறத்தான் என்பது அதன் பழைய பொருள். மண்ணையும் மழையையும் சூரியனையும் பார்த்து வாழ்ந்த மக்களின் வழிபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் சமயம் இதுதான் என்று எழுதியிருந்தார்கள்.

அவர்களுக்கு வருடத்தில் எட்டு நாட்கள். டிசம்பர் 21 அளவில் வரும் ஆகக் குறுகிய பகல். அதற்கு 'யூல்' என்று பெயர். ஜூன் 21 அளவில் ஆக நீண்ட பகல். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் இரவும் பகலும் சமமாகும் இரண்டு நாட்கள். இந்த நான்குக்கும் இடையில் வேறு நான்கு: பெப்ரவரி 1, மே 1, ஓகஸ்ட் 1, ஒக்டோபர் 31. இடையில் வரும் நான்கும் அயர்லாந்தின் பழைய கேலிக் மக்களுடையவை. இந்த எட்டையும் ஒரே சக்கரமாகப் பூட்டியது 1950களில்தான். அதற்கு முன் எட்டையும் சேர்த்துக் கொண்டாடிய ஊர் ஒன்று இருந்ததாகச் சான்றில்லை. ஆனால் உறுப்புகள் பழையவை. பருவம் திரும்பும் நாளில் மாவைப் பிசைந்து படைப்பதும் பழையது.

எப்படித் தெரியும்? இங்கிலாந்தின் வடகிழக்கில் ஜரோ என்ற இடத்தில் பீட் என்ற துறவி வாழ்ந்தார். கி.பி. 725இல் காலக்கணக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கிறிஸ்தவத் துறவிதான்; இருந்தாலும் தன் முன்னோர் மாதங்களுக்கு வைத்த பெயர்களை அக்கறையோடு குறித்துவைத்தார். பெப்ரவரி அவர்களுக்கு அப்ப மாதமாம். அந்த மாதத்தில் தெய்வங்களுக்கு மாப்பண்டம் படைத்தார்களாம். அவர்களுடைய வருடம் டிசம்பர் 25இல் தொடங்கியதாம். அந்த இரவுக்கு 'அன்னையர் இரவு' என்று பெயராம். பெண்கள் கல்லூரி மண்டபத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா?

கிடைக்கும். ஓகஸ்ட் 1க்கு ஆங்கிலத்தில் 'லாமஸ்' என்று பெயர். 'லாப்' என்றால் பாண். 'மாஸ்' என்றால் பூசை. புதுக் கோதுமையில் சுட்ட முதற் பாணைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் நாள். அந்த 'லாப்' என்ற பழைய சொல்லோடு 'காவலன்' என்ற சொல் சேர்ந்துதான் 'லோர்ட்' வந்தது, பாணைக் காப்பவர். அதே சொல்லோடு 'பிசைபவள்' சேர்ந்து 'லேடி' வந்தது. லேடி என்றால் பாணுக்கு மாப் பிசைபவள்! நேராக உட்கார், மெதுவாகக் கதை, லேடி மாதிரி நட என்று எங்களுக்குச் சொல்லித் தந்த ஆசிரியைகள் இங்கே இருக்கிறார்கள். இனி மாக் கையோடு நின்றாலும் நாங்கள் லேடிகள்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் கதை, எங்களுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தைப்பொங்கல் சூரியன் வடக்கே திரும்பும் நாள். ஆடிப்பிறப்பு தெற்கே திரும்பும் நாள். வானத்தில் அந்தத் திருப்பங்கள் டிசம்பர் 21இலும் ஜூன் 21இலும் நடக்கின்றன. எங்கள் பண்டிகைகளோ ஜனவரி நடுவிலும் ஜூலை நடுவிலும் வருகின்றன. பூமியின் அச்சு மெல்ல மெல்லச் சுழல்வதால் ஏற்பட்ட இடைவெளி அது. ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. சுவீடனிலும் நோர்வேயிலும் இருக்கும் எங்கள் மாணவிகளின் பிள்ளைகள் டிசம்பர் 13இல் லூசியா நாளுக்குக் குங்குமப்பூப் போட்ட மஞ்சள் வணிஸ் சாப்பிடுகிறார்களே, அதற்கும் இதே மாதிரிக் கதைதான். பழைய ஜூலியன் நாட்காட்டியில், மத்திய காலத்தின் பிற்பகுதியில், ஆகக் குறுகிய பகல் அந்தத் தேதியை ஒட்டியே வந்தது. நாட்காட்டி நகர்ந்துவிட்டது, மாப்பண்டம் தன் தேதியிலேயே நின்றுவிட்டது.

ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் அவணில் சுடுகிறார்கள்; நாங்கள் ஆவியில் அவிக்கிறோம். கோதுமை மாவைப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் ரப்பர் போல இழுபட்டு, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைக்கும், பாண் பொங்கும். அரிசிமாவில் அந்தப் புரதம் இல்லை. அதனால்தான் எங்களுக்குக் கொழுக்கட்டையும் பிட்டும் இடியப்பமும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்புக்குப் பாட்டுப் பாடியது கூழையும் கொழுக்கட்டையையும் முன்வைத்துத்தான். பாண் எங்கள் ஊரில் போறணைக்காரரின் வேலையாகவே இருந்தது.

ஆனாலும் என் வயதுக்காரருக்கு வீட்டில் கேக் சுட்ட நினைவும் இருக்கும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டு எண்ணெயும் திரியும் வைத்துப் படித்தோம். அப்போதும் நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தகரத்தை வைத்து, அடியில் விறகும் மூடிமேல் தணலுமாகக் கேக் சுட்ட அம்மாமார் இருந்தார்கள். அவண் இல்லை, நேரம் இல்லை என்று இன்று சொல்லும் எவருக்கும் அந்தச் சட்டியைத்தான் நினைவூட்டுவேன்.

இனி, இது ஏன் எனக்கு முக்கியமான விஷயமாயிற்று என்று சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. யோர்க்ஷயரில் ஜூனில் பகல் 17 மணித்தியாலம். டிசம்பரில் ஏழரைக்கும் குறைவு. காலை எட்டரைக்குத்தான் வெளிச்சம் வரும். பின்னேரம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு வந்து சேர்ந்த முதற் குளிர்காலம் அப்படித்தான் இருந்தது. நானும் கணவரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. அம்மா திரைச்சீலையை மூடிக்கொண்டு கதிரையில் இருப்பார். இங்கே 20 பேருக்குச் சமைத்த மனுசி குசினிப் பக்கமே போவதில்லை. ஏதாவது செய்யுங்கோவன் என்றால், "இனி ஆருக்குப் பிள்ளை?" என்பார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் தெரியாது. எல்லா நாளும் அவருக்கு ஒரே நாள்.

அயல்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வாழ்கிறார். பழைய பருவப் பண்டிகைகளைக் கடைப்பிடிப்பவர். நவம்பர் முதற் கிழமையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே 'பார்கின்'. யோர்க்ஷயரில் நவம்பர் 5ஆம் திகதி தீ மூட்டும் இரவையொட்டிச் சாப்பிடுவது. வடக்கின் குளிரில் கோதுமையைவிட ஓட்ஸ்தான் நன்றாக விளையும். அதனால் அது ஓட்ஸ் கேக். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இஞ்ச பார் பிள்ளை, இதுக்குள்ள இஞ்சியும் பனங்கட்டியும் கிடக்கு" என்றார். பனங்கட்டி அல்ல, கரும்புப்பாகு. ஆனால் அம்மாவின் நாக்குக்கு வீடு தெரிந்துவிட்டது. அடுத்த கிழமை அந்த அம்மையாரின் குசினியில் இரண்டு பேரும் நின்று மாக் குழைத்தார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது; மற்றவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அளவுக் கரண்டி இருவருக்கும் தெரியும்.

வைத்தியராக ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வு உண்மையான நோய். 1984இல் அதை ஆய்ந்து பெயரிட்டார்கள். அம்மாவை அவருடைய வைத்தியர் பார்த்தார், மருந்தும் கொடுத்தார், மருந்தும் வேலை செய்தது. பாண் மருந்துக்குப் பதில் ஆகாது. உங்கள் அம்மாவோ மாமியோ இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாட்டில், தூக்கத்தில், கதையில் நாட்டமில்லாமல் இருந்தால் வயது போய்விட்டது என்று விடாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். விற்றமின் டியையும் மறக்கவேண்டாம். பிரித்தானியாவில் ஒக்டோபரில் இருந்து மார்ச் தொடக்கம் வரை வெயிலில் இருந்து அது போதியளவு கிடைக்காது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். எங்களைப் போலக் கருமையான தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

ஆனால் குளிசை தராத மூன்று விஷயங்களை அந்தப் பார்கின் தந்தது: கைக்கு ஒரு வேலை, எதிர்பார்க்க ஒரு திகதி, கதவைத் தட்ட ஒரு மனிசி. என்னிடம் வரும் முதிய தாய்மார் பலருக்கு இந்த மூன்றும்தான் இல்லை. மகளும் மருமகனும் மாறி மாறி வேலைக்குப் போகும் வீட்டில், பேரப்பிள்ளைகளின் மொழி விளங்காத இடத்தில், நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவர்களுக்குப் பண்டிகை என்றால் கடையில் தொங்கும் பிளாஸ்ரிக் பூசணிக்காய்.

ஆகவே நாங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். எட்டு நாளும் இல்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நான்கு போதும்.

ஒக்டோபர் 31, குளிர்காலத்தின் வாசல். அன்றைக்கு அயர்லாந்தில் 'பாம்பிராக்' என்னும் பழப்பாண். அதற்குள் ஒரு மோதிரத்தை ஒளித்துவைப்பார்கள், கிடைத்தவருக்குக் கலியாணம். எளிய வகைக்கு ஈஸ்ட் தேவையில்லை. முதல்நாள் இரவே முந்திரிகை வற்றலைப் பால் விடாத தேத்தண்ணியில் ஊறவைத்து, காலையில் மாவும் முட்டையும் கொஞ்சம் சீனியும் கலந்து சுடுவது. எங்கள் மலைநாட்டுத் தேயிலையைத்தான் நான் போடுவேன். இறந்தவர்களை நினைக்கும் நாள் அது. கத்தோலிக்கத் தோழிகளுக்கு நவம்பர் 2 இருக்கிறது. எங்களுக்குத் திவசப் படையல் இருக்கிறது. அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு துண்டு வைப்போம்.

டிசம்பர் 21க்குப் பார்கின். அது முறைப்படி நவம்பர்ப் பண்டம்தான். எங்கள் வீட்டில் இடம் மாறிவிட்டது. ஓட்ஸ் நொறுங்கு 225 கிராம், கோதுமை மா 225 கிராம், பட்டர் 110 கிராம், கரும்புப்பாகு 225 கிராம், பழுப்புச் சீனி 50 கிராம், இஞ்சித்தூள் 3 தேக்கரண்டி, அப்பச்சோடா 1 தேக்கரண்டி, முட்டை 1, பால் 150 மில்லிலீற்றர். பட்டர், பாகு, சீனி மூன்றையும் மெல்லிய சூட்டில் உருக்கி, மற்றவற்றோடு கலந்து, 160 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம். சுட்ட அன்றைக்குக் காய்ந்தது போல இருக்கும். பெட்டியில் மூடி நாலைந்து நாள் வைத்தால்தான் இளகி ருசி வரும். அதனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லது. முந்திய சனிக்கிழமையே செய்துவிடலாம்.

பெப்ரவரி 1, பால் சுரக்கத் தொடங்கும் நாள். அயர்லாந்தில் அது புனித பிரிஜிட்டின் நாளும்கூட. 2023இல் இருந்து அவர் பெயரில் பொது விடுமுறையும் உண்டு. அன்றைக்குச் சோடாப் பாண். மா 450 கிராம், அப்பச்சோடா மட்டமாக 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, புளித்த மோர் 350 மில்லிலீற்றர். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தே மாவைப் பொங்கவைக்கும். அடித்துப் பிசையக்கூடாது, கையால் சேர்த்து உருட்டி, மேலே ஆழமாகக் குறுக்குக் கோடு கீறி, 200 பாகையில் 40 நிமிடம். வேலையால் வந்து தொடங்கினால் இராச் சாப்பாட்டுக்குச் சூடாக இருக்கும்.

ஓகஸ்ட் 1க்கு உண்மையான ஈஸ்ட் பாண். தவிட்டு மா பாதி, வெள்ளை மா பாதியாக 500 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் 320 மில்லிலீற்றர். 10 நிமிடம் பிசைந்து, இரண்டு மடங்காகும் வரை மூடிவைத்து, உருவாக்கி, இன்னும் அரை மணித்தியாலம் விட்டு, 220 பாகையில் 35 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டுவது போலச் சத்தம் வரவேண்டும். பிசையும் வேலை பிள்ளைகளுக்கு. இதற்கு இரண்டு கிழமை முன்பு ஆடிப்பிறப்பு. அம்மா சிவத்தப் பச்சையரிசி மாவும் வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் போட்டுக் கூழ் காய்ச்சி அயல்வீட்டுக்கு அனுப்புவார். ஓகஸ்ட் 1இல் அங்கிருந்து பாண் வரும். இரண்டு வீட்டுக்கும் இடையில் கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போவதில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் கைதூக்குமுன் சொல்லிவிடுகிறேன். இவை வருடத்தில் சில நாட்கள் மட்டும். தட்டில் ஒரு சிறு துண்டு, மீதி அயலுக்கு. வீட்டுப் பண்டத்தின் பெரிய நன்மை, எத்தனை கரண்டி சீனி போட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கேள்வி உங்களில் சிலருக்கு மனதுக்குள் இருக்கும். சைவப் பிள்ளை, வேதப் பிள்ளை, நாங்கள் இதைச் செய்யலாமா? எனக்கும் அங்கே தமிழ் அம்மாமார் இதையே கேட்டார்கள். கி.பி. 601இல் பாப்பரசர் முதலாம் கிரகரி இங்கிலாந்துக்குச் சென்ற துறவிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பீட் அதைத் தன் வரலாற்று நூலில் சேர்த்திருக்கிறார். அந்த மக்களின் கோயில்களை இடிக்கவேண்டாம், அவர்கள் கூடி உண்ணும் விருந்துகளை நிறுத்தவேண்டாம், கோயிலைச் சுற்றிக் கிளைகளால் பந்தல் போட்டு விருந்துண்ணட்டும் என்பது அதன் சாரம். வணங்கும் தெய்வத்தை மாற்றச் சொன்னவரே மேசையை மாற்றச் சொல்லவில்லை. என் வீட்டில் சாமியறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அயல்வீட்டு அம்மையார் ஒருநாளும் என்னை எதற்கும் அழைத்ததில்லை. தைப்பொங்கலுக்கு அவர்தான் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து நிற்கிறார். வேறு ஒருவரின் பருவத்தை மதித்ததால் எங்கள் பருவம் குறையவில்லை. ஆடிப்பிறப்பு என்றால் என்ன என்று என் பிள்ளைகள் அக்கறையோடு கேட்கத் தொடங்கியது, ஓகஸ்ட் 1க்குப் பாண் பிசைந்த பிறகுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் எங்களுக்குக் கிளைகள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு பெரிய ஒன்றுகூடல் நடத்துகிறோம். பட்டுச் சேலையோடு வருகிறோம். வர இயலாத மூத்த அக்காமாரின் பெயரைக் கூட்டறிக்கையில் மட்டும் வாசிக்கிறோம். அதை விடவேண்டாம், அதோடு இதையும் சேருங்கள். ஒவ்வொரு கிளையும் வருடத்தில் இரண்டு நாளைக் குறிக்கட்டும். ஒன்று எங்கள் பஞ்சாங்கத்தில் இருந்து. மற்றது நீங்கள் வாழும் மண்ணின் பருவத்தில் இருந்து. அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். உங்களுக்கு இருட்டு ஜூனில். அந்த இரு நாளிலும் அருகில் வாழும் இரண்டு மூன்று மாணவிகள் சேர்ந்து, 75 வயது கடந்த ஒரு அக்காவின் வீட்டுக்குப் போங்கள். வாங்கிய கேக்கைக் கொண்டுபோகவேண்டாம். மாவைக் கொண்டுபோய் அவர் குசினியில், அவர் சொல்லச் சொல்லப் பிசையுங்கள். அவருக்கு நிற்க இயலாவிட்டால் கதிரையில் இருந்து அளவு சொல்லட்டும்.

இந்நாள் மாணவிகளுக்கும் ஒரு சொல். நாளை நீங்கள் எந்த நாட்டுக்குப் போவீர்களோ தெரியாது. போகாமல் இங்கேயே இருந்தாலும் மிக நல்லது. இந்த ஆடிப்பிறப்புக்கு உங்கள் அம்மம்மாவின் பக்கத்தில் நின்று கூழ் காய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள். அளவை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். 'ஒரு பிடி', 'கொஞ்சம்' என்று அவர் சொன்னால், அந்தப் பிடியைத் தராசில் நிறுத்து எழுதுங்கள்.